கதிர் பட்டால் கெட்டிப்படுமா, கெட்டுப்போகுமா?



ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் வாங்குவோமே, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதை எல்லாருக்கும் தெரியும். ஒயரை சால்டர் பண்ணிவிட்டு, மேலே ஸ்லீவை இழுத்து, ஹாட் ஏர் கன் காட்டினால் சுருங்கி இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கன் இல்லாதவங்க லைட்டர்தான்! அது பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகைப் பிளாஸ்டிக். சாதாரண பாலிஎத்திலீன் கவரை லைட்டர் பக்கம் கொண்டுபோனால் உருகி ஒழுகும். இது மட்டும் ஏன் ஒழுகாமல் சுருங்குகிறது? தொழிற்சாலையிலேயே அதற்கு எலக்ட்ரான் கற்றை பாய்ச்சியிருக்கிறார்கள். கதிர் பட்டதால் அது கெட்டிப்பட்டது.

இப்போ இன்னொரு பொருள்: ஊசி போடும் சிரிஞ்ச். அதன் உடல் பாலிப்ரோப்பிலீன். கிருமி நீக்கத்துக்காக காமா கதிர் காட்டினால், சாதாரண ரகப் பாலிப்ரோப்பிலீன் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அன்றைக்கே தெரியாது, குடோனில் சில மாதம் இருந்த பிறகு தெரியும். இங்கே கதிர் பட்டதால் அது கெட்டுப்போனது. அதனால்தான் இதற்கென்று தனி ரகப் பாலிப்ரோப்பிலீன் தயாரிக்கிறார்கள்.

இரண்டுமே ஹைட்ரோகார்பன் பிளாஸ்டிக்தான். பட்டதும் ஒரே மாதிரிக் கதிர்தான். விளைவு மட்டும் நேரெதிர். பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் கலந்த பிளெண்ட்டில் இந்த இரண்டும் ஒரே துண்டுக்குள் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

இது நம்ம ஊருக்கு ஏன் முக்கியம்? மாமல்லபுரத்திலிருந்து ஈசிஆரில் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் கல்பாக்கம். அங்கே சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984 ஜனவரியிலும், இரண்டாவது அலகு 1986 மார்ச்சிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. ஒரு அணுமின் நிலையத்துக்குள் ஓடும் கேபிள்களின் நீளம் பல நூறு கிலோமீட்டர். அவற்றின் உறை எல்லாம் பிளாஸ்டிக், ரப்பர், அல்லது இரண்டும் கலந்தது. உலைக்குப் பக்கத்தில் இருப்பவை வருஷக்கணக்கில் கதிரை வாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஸ்லீவ் விஷயத்தில் நாம் வேண்டுமென்று கதிர் காட்டுகிறோம். அங்கே வேண்டாமலே படுகிறது. வேதியியல் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒரே விஷயம்: "கதிர்வீச்சுக்குப் பிறகு வலிமை இத்தனை சதவீதம் கூடியது" என்ற ஒரு வரியை வைத்து எந்தப் பிளெண்டையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் அளவு: ஒரு கிரே என்றால் எவ்வளவு?

ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலை உறிஞ்சினால் அது 1 கிரே. ஆயிரம் கிரே ஒரு கிலோகிரே. மருத்துவக் கருவிகளின் கிருமி நீக்கத்துக்கு வழக்கமான அளவு 25 கிலோகிரே. பாலிஎத்திலீன் கேபிள் உறையைக் கெட்டிப்படுத்த ஏறத்தாழ 100 முதல் 200 கிலோகிரே.

வெப்பமாகப் பார்த்தால் இது ரொம்பச் சின்ன ஆற்றல். 1 கிலோகிரே தண்ணீரை சுமார் கால் டிகிரிதான் சூடாக்கும். ஆனால் அந்த ஆற்றல் வரும் விதம்தான் வேறு. கோபால்ட்-60 வெளியிடும் காமா கதிரின் சராசரி ஆற்றல் 1.25 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்க சுமார் 3.6 எலக்ட்ரான் வோல்ட் போதும். அதாவது ஒரு ஃபோட்டானின் கையில் ஒரு பிணைப்புக்குத் தேவையானதைப்போல் மூன்றரை லட்சம் மடங்கு ஆற்றல் இருக்கிறது. அது வழியில் எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டுக்கொண்டே போகும். ஹைட்ரஜன் பிய்ந்து, கார்பனில் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு ராடிக்கல் உருவாகும். மீதிக் கதையெல்லாம் அந்த ராடிக்கல் யாரோடு சேருகிறது என்பதில்தான்.

பலருக்கு வரும் ஒரு சந்தேகத்தை இங்கேயே தீர்த்துவிடுவோம். கோபால்ட் காமா பட்ட பிளாஸ்டிக் கதிரியக்கப் பொருளாக மாறாது. அணுக்கருவைத் தொடும் அளவு ஆற்றல் அதில் இல்லை. மாறுவது வேதிப் பிணைப்பு மட்டுமே.

முடிச்சும் வெட்டும்

பாலிமர் என்பது நீண்ட சங்கிலி. ராடிக்கல் வந்த பிறகு இரண்டு வழி.

ஒன்று, பக்கத்துச் சங்கிலியில் உள்ள இன்னொரு ராடிக்கலோடு கைகோத்துக்கொள்ளும். இது குறுக்குப் பிணைப்பு. முடிச்சு என்று வைத்துக்கொள்வோம். சங்கிலிகள் சேர்ந்து வலையாகும், உருகி ஓடாது, கரைப்பானில் கரையாது. கந்தகம் போட்டு டயரை வல்கனைஸ் பண்ணும்போது நடப்பதும் இதே வேலைதான். இங்கே கந்தகமும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். பாலிஎத்திலீனில் இதை 1952-ல் வெளியுலகுக்குக் காட்டியவர் ஆர்தர் சார்ல்ஸ்பி. இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வு உலைக்குள் வைத்து எடுத்தார். அதை ஸ்லீவாகவும் ஒயராகவும் சந்தைக்குக் கொண்டுவந்தது, 1957-ல் அமெரிக்காவில் தொடங்கிய ரேகெம் நிறுவனம்.

இரண்டாவது வழி, சங்கிலியே நடுவில் அறுந்துபோவது. இது சங்கிலி முறிவு. வெட்டு என்று வைத்துக்கொள்வோம். மூலக்கூறு எடை குறையும், பிளாஸ்டிக் நொறுங்கும், ரப்பர் பிசுபிசுவென்று ஆகும்.

எத்தனை முடிச்சு, எத்தனை வெட்டு? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். உறிஞ்சிய ஒவ்வொரு 100 எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் ஒரு நிகழ்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கிலோகிரே கொடுத்தால் ஒரு கிலோவில் சுமார் 0.01 மோல் நிகழ்வுகள். சங்கிலியின் மூலக்கூறு எடை ஒரு லட்சம் என்றால், ஒரு கிலோவில் இருக்கும் சங்கிலிகளும் அதே 0.01 மோல். ஆக, சராசரியாக ஒரு சங்கிலிக்கு ஒரே ஒரு நிகழ்வு!

கவனிச்சீங்களா? சுமார் 7,000 கார்பன் உள்ள ஒரு சங்கிலியில் ஒரே ஒரு இடத்தில் மாற்றம். அது முடிச்சாக இருந்தால் துண்டு முழுக்க வலை பின்னப்பட்டுவிடும். அது வெட்டாக இருந்தால் மூலக்கூறு எடை பாதியாகிவிடும். கெமிக்கலாகப் பார்த்தால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம். மெக்கானிக்கலாகப் பார்த்தால் பொருளே வேற ஆள்.

யார் எந்தப் பக்கம்?

முடிச்சு போடுகிறவர்கள்: பாலிஎத்திலீன், ஈவிஏ, இயற்கை ரப்பர், எஸ்பிஆர், நைட்ரைல் ரப்பர், ஈபிடிஎம், சிலிகோன் ரப்பர்.

வெட்டு வாங்குகிறவர்கள்: பியூட்டைல் ரப்பர், பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் எனும் அக்ரிலிக், டெஃப்லான். காற்றில் வைத்துக் கதிர் காட்டினால் பாலிப்ரோப்பிலீனையும் இந்தப் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம்.

ஞாபகம் வைக்க ஒரு குறுக்கு வழி: முதுகெலும்புச் சங்கிலியில் உள்ள ஒரு கார்பனில் ஹைட்ரஜனே இல்லாமல், இரண்டு பக்கமும் வேறு தொகுதிகள் தொங்கினால் அது வெட்டுப் பக்கம். அந்த இடத்தில் நெரிசல் அதிகம். அறுந்தால் மறுபடி ஒட்டுவது கஷ்டம். பியூட்டைல் ரப்பரும் அக்ரிலிக்கும் இப்படித்தான். வெட்டும் வீண் போவதில்லை: தேய்ந்துபோன பியூட்டைல் ட்யூபுகளுக்குக் கதிர் காட்டி, சங்கிலியை அறுத்து, மறுபடி பதப்படுத்தும் ரப்பராக மாற்றும் தொழிலே இருக்கிறது.

பென்சீன் வளையம் உள்ளவர்கள் மூன்றாவது ரகம். வளையம் ஆற்றலை வாங்கித் தனக்குள்ளே பரப்பிக்கொண்டு வெப்பமாக விட்டுவிடும். அதனால் பாலிஸ்டைரீன் கதிரை நன்றாகவே தாங்கும். அதே வளையத்தைச் சுமக்கும் எஸ்பிஆருக்கும் இந்தப் பாதுகாப்பு ஓரளவு உண்டு.

கலந்தால் என்ன ஆகும்?

இனிதான் பிளெண்ட் கதை. பெரும்பாலான பிளாஸ்டிக்கும் ரப்பரும் மூலக்கூறு அளவில் கலக்காது. ஒன்று கடல் மாதிரி, மற்றொன்று அதில் தீவு மாதிரி நிற்கும். இழுக்கும்போது விசை கடலிலிருந்து தீவுக்குக் கைமாற வேண்டும். எல்லையில் ஒட்டு சரியில்லை என்றால் அங்கேதான் முதல் விரிசல். கதிர் இங்கே மூன்று விதமாக வேலை செய்யும்.

முதல் வகை: இரண்டும் முடிச்சு போடும் பக்கம். உதாரணம் பாலிஎத்திலீனும் ஈவிஏவும் கலந்த பிளெண்ட். கேபிள் உறைக்கு நன்றாகப் பழக்கமானது. முடிச்சு விழுவது பெரும்பாலும் படிகமில்லாத பகுதியில்தான். ஈவிஏ கூடக்கூடப் படிகம் குறையும், அதனால் அதே டோஸில் முடிச்சு அதிகம் விழும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சங்கிலிகள்கூடக் கைகோத்துக்கொள்ளும். தையல் போட்ட மாதிரி. இதுதான் கதிரின் பெரிய லாபம்.

இரண்டாவது வகை: ஒன்று முடிச்சு, மற்றது வெட்டு. உதாரணம் பாலிப்ரோப்பிலீனும் ஈபிடிஎம்மும். கார் பம்பரில் பார்க்கும் கூட்டணி. கதிர் பட்டால் ரப்பர்த் தீவு கெட்டிப்படும்; சுற்றியுள்ள பிளாஸ்டிக் கடல் அறுந்துகொண்டிருக்கும். குறைந்த டோஸில் சில பண்புகள் கூடுவது போலத் தெரியும். டோஸ் ஏறினால் கடல் நொறுங்கி, தீவு எவ்வளவு நல்லாயிருந்தும் பயனில்லை. இதைத் தடுக்க டிஎம்பிடிஏ மாதிரியான பல கை உள்ள மோனோமர்களைச் சேர்ப்பார்கள். ஒரே மூலக்கூறு பல ராடிக்கல்களைப் பிடித்துக் கட்டிவிடுவதால், குறைந்த டோஸிலேயே முடிச்சு விழும். வெட்டு பெருகும் முன்பே வேலை முடியும்.

மூன்றாவது வகை: நைட்ரைல் ரப்பரும் பிவிசியும் போல ஒன்றோடொன்று உண்மையிலேயே கலக்கும் ஜோடி. இங்கே எல்லைப் பிரச்சினை குறைவு. ஆனால் பிவிசி கதிரில் ஹைட்ரஜன் குளோரைடை விடும், நிறமும் மாறும். அதனால் நிலைப்படுத்தும் பொருள்களைச் சேர்க்காமல் டோஸ் கொடுக்க முடியாது.

ஒன்றைக் கவனியுங்கள். ஆக்சிடேஷனைத் தடுக்கச் சேர்க்கும் ஆன்டிஆக்சிடன்ட், ராடிக்கலைப் பிடித்து அடக்கும். வேலை செய்யும் காலத்தில் அது காவல்காரன். ஆனால் தொழிற்சாலையில் முடிச்சு போட நாம் கதிர் காட்டும்போதும் அதே ஆள் குறுக்கே நிற்பான், முடிச்சைக் குறைப்பான். எவ்வளவு போடுவது என்பதில்தான் பார்முலேஷன் செய்பவரின் திறமை.

"வலிமை" என்ற சொல்லில் உள்ள சிக்கல்

யுடிஎம்மில் டம்பெல் துண்டை மாட்டி இழுத்தால் இரண்டு முக்கிய எண் வரும். ஒன்று இழுவலிமை, எத்தனை மெகாபாஸ்கலில் அறுந்தது என்பது. மற்றது அறுபடும் நீட்சி, அறுவதற்குள் எத்தனை சதவீதம் நீண்டது என்பது.

முடிச்சு கூடக்கூட முதலில் இழுவலிமை ஏறும். ஒரு உச்சத்துக்குப் பிறகு இறங்கும். வலை ரொம்ப இறுகிப்போய், விசையைப் பகிர்ந்துகொள்ளச் சங்கிலிகளுக்கு அசைய இடமே இல்லாமல் போகும். நீட்சியோ பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே இறங்குமுகம்தான். ஆக, ஏறுமுகத்தில் எடுத்த ஒரு ரீடிங்கைப் பார்த்து "வலிமை கூடியது" என்று எழுதும்போதே, அதே துண்டு தன் நீட்சியை இழக்கத் தொடங்கியிருக்கும்.

கேபிள் உலகில் இதனால்தான் நீட்சியை வைத்து ஆயுளைச் சொல்கிறார்கள். புதிதாக இருக்கும்போது சில நூறு சதவீதம் நீளும் உறை, 50 சதவீதத்துக்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். ஏன் 50? ஒரு கேபிளை அதன் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு ஆரத்தில் வளைத்தால், வெளிப்புறம் நீள்வது ஏறத்தாழ 9 சதவீதம்தான். அதற்கு மேல் உள்ளதெல்லாம் பாதுகாப்பு இருப்பு. நீட்சி அந்த அளவுக்கும் கீழே போய்விட்டால், யாராவது பராமரிப்பு வேலைக்காகக் கேபிளைக் கொஞ்சம் நகர்த்தினாலே உறை விரியும்.

விரிந்தால் என்ன, கரண்ட் போய்க்கொண்டுதானே இருக்கும் என்று கேட்கலாம். சாதாரண நாளில் போகும். விபத்து நாளில்தான் பிரச்சினை. குளிர்விக்கும் நீர் இழப்பு போன்ற விபத்தில் உலைக் கட்டடத்துக்குள் சூடான நீராவி நிறையும். விரிசல் வழியே ஈரம் உள்ளே போகும். காப்புத் தடை சரியும். அழுத்தத்தையும் வெப்பத்தையும் சொல்ல வேண்டிய கருவி தப்பான எண்ணைக் காட்டும். எந்த நேரத்தில் அந்தத் தகவல் உயிரோடு சம்பந்தப்பட்டதோ, அந்த நேரத்தில். அதனால்தான் பாதுகாப்புக் கேபிள்களை முதலில் வெப்பத்திலும் கதிரிலும் செயற்கையாக முதுமையாக்கி, அதன் பிறகு விபத்து நீராவியில் வைத்துச் சோதிக்கிறார்கள். புதுக் கேபிள் தாங்குகிறதா என்பது இல்லை கேள்வி. கிழட்டுக் கேபிள் தாங்குகிறதா என்பதே கேள்வி.

40 வருஷமும் 35 மணி நேரமும்

இங்கே ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கு. உலைக் கட்டடத்துக்குள் ஒரு இடத்தில் மணிக்கு 0.5 கிரே என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காகத்தான் இந்த எண். 40 வருஷத்துக்கு 3,50,400 மணி நேரம். மொத்த டோஸ் சுமார் 175 கிலோகிரே. அதே டோஸை மணிக்கு 5 கிலோகிரே தரும் காமா சேம்பரில் 35 மணி நேரத்தில் கொடுத்துவிடலாம். டோஸ் ஒன்றுதானே, விளைவும் ஒன்றாகத்தானே இருக்கணும்?

இல்லை. நடுவில் ஆக்சிஜன் என்று ஒருத்தர் இருக்கார்.

ராடிக்கலோடு ஆக்சிஜன் சேர்ந்தால் பெராக்சி ராடிக்கல், அதிலிருந்து ஹைட்ரோபெராக்சைடு, அது உடைந்தால் மறுபடி ராடிக்கல், மறுபடி வெட்டு. முடிச்சு போட வேண்டிய பாலிஎத்திலீன்கூட ஆக்சிஜன் இருந்தால் வெட்டுப் பக்கம் சாய்ந்துவிடும். ஆனால் ஆக்சிஜன் வெளியிலிருந்து மெதுவாக ஊடுருவித்தான் உள்ளே வர வேண்டும். காமா சேம்பரில் ராடிக்கல்கள் படுவேகமாகப் பிறக்கின்றன. மேல்தோலுக்கு வந்த ஆக்சிஜன் அங்கேயே தீர்ந்துபோகும். உள்பகுதி ஆக்சிஜனே பார்க்காமல் நிம்மதியாக முடிச்சு போட்டுக்கொண்டிருக்கும். 40 வருஷக் கதையில் அவசரமே இல்லை. ஆக்சிஜன் உள்ளே கடைசி வரை போய்ச் சேர நேரம் இருக்கிறது. ஒரே டோஸ், ஒன்றில் உள்ளே முடிச்சு, மற்றதில் உள்ளே வெட்டு.

மாமல்லபுரம் கடற்கரையில் வருஷக்கணக்காக வெயிலில் கிடக்கும் பழைய கயிற்றைப் பிரித்துப் பார்த்தால் இதற்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு காட்சி தெரியும்: மேல் இழை பொடிப்பொடியாக உதிரும், உள் இழை இன்னும் தாங்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் மேல்பரப்பிலேயே உறிஞ்சப்படுவதும் அங்கே ஒரு காரணம். காமா அப்படியில்லை, முழுத் தடிமனையும் துளைத்துப்போகும். அப்படியும் தோலும் உள்ளும் வேறாகிப்போவதற்கு ஆக்சிஜன்தான் காரணம். தோல் மட்டும் நொறுங்கினாலே போதும், இழுக்கும்போது அங்கே பிறக்கும் விரிசல் உள்ளேயும் ஓடிவிடும்.

இது வெறும் தியரி இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள சவானா ரிவர் கே உலையில், 12 வருஷம் இருந்த கேபிள்களின் பாலிஎத்திலீன் காப்பு நொறுங்கும் நிலைக்கு வந்திருந்தது. மேலுறை பிவிசி. அவை வாங்கிய டோஸ் அதிகபட்சம் சுமார் 25 கிலோகிரே; சராசரி வெப்பம் 43 டிகிரி. வேகமான ஆய்வகச் சோதனைகளை வைத்துப் பார்த்தால் பாலிஎத்திலீனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சாண்டியா ஆய்வகத்தின் கிளஃபும் கில்லனும் இதை எடுத்து ஆராய்ந்தார்கள். மெதுவாகக் கொடுத்த டோஸ் அதிகம் கெடுத்தது. முதலில் கதிர், பிறகு வெப்பம் என்று கொடுத்தால் பாதிப்பு அதிகம். முதலில் வெப்பம், பிறகு கதிர் என்று மாற்றினால் குறைவு. காரணம் மேலே பார்த்ததுதான்: கதிர் ஹைட்ரோபெராக்சைடுகளை விதைக்கிறது, வெப்பம் அவற்றை உடைக்கிறது. வரிசையை மாற்றினால் உடைக்க எதுவும் இருக்காது.

கல்பாக்கம் மாதிரியான, வருஷம் முழுக்க வெக்கையும் ஈரமும் உள்ள கடற்கரைக்கு இந்தப் பாடம் கூடுதலாகப் பொருந்தும். கதிரைத் தனியாகவும் வெப்பத்தைத் தனியாகவும் சோதித்து, இரண்டையும் கூட்டிப் போட்டால் விடை வராது.

ரப்பரோடு ரப்பர்: வேக ஈனுலையின் சீல்

கல்பாக்கத்திலேயே பிளெண்ட் ஒன்று உண்மையான வேலையில் இருக்கிறது. 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையில் 2024 மார்ச் 4 அன்று கோர் லோடிங் பணி தொடங்கியது நினைவிருக்கும். அந்த உலையின் மேல்மூடியில் சுழலும் பிளக்குகள் உண்டு. எரிபொருளை மாற்றும்போது இவை சுழன்று சரியான இடத்துக்கு வரும். உள்ளே திரவ சோடியம், அதன் மேல் ஆர்கான் வாயு. பிளக்குக்கும் சுற்றியுள்ள இரும்புக்கும் இடையில் உள்ள சந்தை, காற்றடைத்தால் உப்பும் ரப்பர் சீல் அடைக்கிறது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இதற்காக ஃப்ளோரோ ரப்பரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு தர வைட்டானைக் கலந்து பார்முலேஷனை உருவாக்கியது. ஒரே தரத்தில் கிடைக்காத சமநிலை கலவையில் கிடைக்கும்: பாகுநிலை குறைந்தது நீள நீளமாக எக்ஸ்ட்ரூட் பண்ண வசதி, கூடியது பண்புக்கு வசதி.

அந்த இடத்தில் கவசத்துக்குப் பிறகு வரும் கதிர் குறைவு. வெப்பம்தான் பெரிய எதிரி, 100 டிகிரியை ஒட்டியது. ஆகவே "அணு உலை என்றாலே கதிரைத் தாங்கும் ரப்பர்தான் வேணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. எந்த மூலையில், என்ன வெப்பம், என்ன டோஸ் வேகம், காற்றா ஆர்கானா என்று கேட்டுத்தான் பொருளைத் தேர்ந்தெடுக்கணும்.

ப்ராஜெக்ட் பண்ணப் போறீங்களா?

மெக்கானிக்கல், பாலிமர், கெமிக்கல் மாணவர்கள் இந்தத் தலைப்பை அடிக்கடி எடுக்கிறார்கள். நம்ம மாவட்டத்துக்குள்ளேயே குரோம்பேட்டை எம்ஐடியில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத் துறை இருக்கு. கிண்டியில் சிப்பெட் இருக்கு. எலக்ட்ரான் கற்றை என்றால் நவி மும்பை வாஷியில் 2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் முடுக்கி ஒன்று உண்டு. எங்கே செய்தாலும் இந்த ஐந்தையும் மறக்காதீங்க.

1. டோஸ் மட்டும் எழுதாமல் டோஸ் வேகத்தையும், காற்றிலா நைட்ரஜனிலா என்பதையும், துண்டின் தடிமனையும் எழுதுங்கள். இந்த மூன்றும் இல்லாத ரிசல்ட்டை வேறு யாரும் மறுபடி செய்து பார்க்க முடியாது.

2. கோபால்ட்-60-ன் அரை ஆயுள் 5.27 வருஷம். வருஷத்துக்குச் சுமார் 12 சதவீதம் குறையும். சேம்பர் சான்றிதழில் மூன்று வருஷத்துக்கு முன் மணிக்கு 5 கிலோகிரே என்று இருந்தால், இன்று 3.4 தான். 20 மணி நேரம் வைத்துவிட்டு 100 கிலோகிரே என்று எழுதினால், உண்மையில் கொடுத்தது 67.

3. இழுவலிமையோடு நீட்சியையும் போடுங்கள். ரப்பர் ரகத்துக்கு ஏஎஸ்டிஎம் டி412 முறையில் நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகம். ஒரு டோஸுக்கு ஐந்து டம்பெல்லாவது வேணும். சராசரியோடு சிதறலையும் காட்டுங்கள்.

4. ஜெல் அளவு எடுங்கள். கொதிக்கும் சைலீனில் போட்டு, கரையாமல் மிஞ்சுவதை எடை போடுவது. முடிச்சு எவ்வளவு என்பதற்கு நேரடிச் சாட்சி அதுதான். இழுவலிமை கூடியும் ஜெல் கூடவில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கு, தேடுங்கள். சைலீன் ஆவி ஆபத்தானது, ஃபியூம் ஹூட் இல்லாமல் தொடாதீங்க.

5. கதிர் காட்டிய அன்றைக்கு ஒரு தடவை, இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு தடவை என இருமுறை சோதியுங்கள். படிகப் பகுதிக்குள் மாட்டிக்கொண்ட ராடிக்கல்கள் மெதுவாக வெளியே வந்து ஆக்சிஜனைச் சந்திக்கும். பாலிப்ரோப்பிலீன் சிரிஞ்ச் குடோனில் நொறுங்கியது இப்படித்தான்.

ஐந்தாவதுக்கு செமஸ்டர் கால அட்டவணை இடம் கொடுக்காது என்று தெரியும். ஆறாவது செமஸ்டரிலேயே துண்டுகளைத் தயார் பண்ணிவிட்டால், எட்டாவது செமஸ்டர் ரிவ்யூவுக்குள் இரண்டு ரீடிங்கும் கையில் இருக்கும்.

வைவாவில் "ஆப்டிமம் டோஸ் எவ்வளவு?" என்று கேட்டால் ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு உட்காராதீங்க. எந்தப் பண்புக்கு, எந்தத் தடிமனில், எந்தக் காற்றில், எந்த வேகத்தில், எத்தனை நாள் கழித்து என்று திருப்பிச் சொல்லுங்கள். இழுவலிமைக்கு ஒரு உச்சம் இருக்கும். நீட்சி அதற்கு முன்பே கீழே வந்திருக்கும். கேபிளா, சீலா, ஸ்லீவா என்று தெரிந்த பிறகுதான் இரண்டில் எதற்கு மதிப்பு என்று முடிவாகும்.

சந்தேகம் இருந்தாலும், உங்கள் ஆய்வக ரீடிங் இதில் சொன்னதற்கு மாறாக வந்தாலும், ஆசிரியர் குழுவுக்கு எழுதுங்கள். மாறாக வந்த ரீடிங் என்றால் கிராஃபோடு அனுப்புங்க. அடுத்த இதழில் சேர்ந்தே அலசுவோம்.